பாதிப் பாலம்

எங்கள் அலுவலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. நேரில் யாரும் சொல்வதில்லை, நான் தாண்டிப் போன பிறகுதான் சொல்வார்கள். மச்சினி. தலைமைப் பொறியாளர் என் அக்காவின் கணவர் என்பதால் வந்த பெயர் அது. அவர் இங்கே வந்து சேர்வதற்கு முன்பிருந்தே நான் இங்கே குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதும், அக்காவை அவருக்கு அறிமுகம் செய்துவைத்ததே நான்தான் என்பதும் ஒருவருக்கும் ஞாபகம் வருவதில்லை. அலுவலகத்தில் அவரை சார் என்பேன். வீட்டில் அத்தான் என்பேன். இரண்டு இடத்திலும் நான் சொல்வது அவர் காதில் ஏறாது.

இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும். கோபப்படாமல் சொல்லக்கூடிய கதையா இது?

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பாலத்தையோ கோபுரத்தையோ கட்டுவதற்கு முன்னால் அதைச் சமன்பாடுகளாக மாற்றி, கம்ப்யூட்டருக்குள் நிற்கவைத்து, அதன்மேல் காற்றை வீசி, கனத்தை ஏற்றி, ஆட்டிப் பார்ப்பது. அந்தக் கணக்கு உருவத்தை நாங்கள் மாடல் என்போம். மாடல் நாம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். கேட்காததைத் தானாக வந்து சொல்லாது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் படுக்கப் போகும் முன் ஒருமுறை சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம் இது. சொல்லிக்கொள்வதில்லை.

அகலமான ஒரு சாலை. ஒரு பக்கம் அக்கா பாடம் நடத்தும் பள்ளிக்கூடம், மறுபக்கம் அந்தப் பள்ளியின் விளையாட்டு மைதானம். நடுவில் லாரிகள். பிள்ளைகள் கடப்பதற்காக நாங்கள் வடிவமைத்த நடைபாலம் கட்டி முடிந்து, திங்கட்கிழமை திறப்புவிழா என்று ஆகிவிட்டது. மெலிந்த இரும்புப் பாலம். பார்க்க அழகுதான், அதை நான் மறுக்கவில்லை. அந்த வேலையில் எனக்குப் பங்கில்லை, நான் வேறொரு தண்ணீர்த் தொட்டியோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். விழா மேடையில் போட்டுக்காட்ட, பாலம் எப்படி அதிர்கிறது என்று வண்ண வண்ணமாக ஒரு சின்னப் படம் வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். மச்சினிக்குப் படம் காட்டத் தெரியும், அந்த அளவுக்கு என்மேல் நம்பிக்கை.

ஃபைலைத் திறந்தேன். திரையில் முழுப் பாலம் தெரிந்தது. ஓர் ஓரத்தைத் தொட்டேன், தேர்வானது. மறு ஓரத்தைத் தொட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடிப் பிம்பம் காட்டும் வசதியை அணைத்ததும் பாலத்தின் வலது பாதி அப்படியே மறைந்துவிட்டது. அவர்கள் கணக்குப் போட்டது பாதிப் பாலத்துக்கு. நீளவாக்கில் நடுவே அறுத்து, இடது பாதியை மட்டும் வைத்திருந்தார்கள்.

பாதியை வைத்துக் கணக்குப் போடுவது குற்றமில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் ஒரு பக்கத்தைக் கணக்கிட்டால் போதும், மறுபக்கம் அதே விடைதான். சமச்சீர் என்று அதற்குப் பெயர். கம்ப்யூட்டர்கள் ஆமை வேகத்தில் ஓடிய காலத்தில் அத்தான் இந்த வித்தையை வைத்துத்தான் பேர் வாங்கினார். பாதி போதும் என்பது அவருடைய தாரக மந்திரம். பாலம் தன் கனத்தைத் தாங்குமா என்று பார்க்க அந்தப் பாதி மாடலைக் கட்டியிருக்கிறார், அது சரியான கணக்கு, சுத்தமான கணக்கு.

ஆனால் அறுத்த ஓரத்துக்கு ஒரு கட்டளை போட வேண்டும். நீ மேலே போகலாம், கீழே போகலாம், ஆனால் சாயக் கூடாது என்று. மறுபாதி அதே அளவு எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பாவனை செய்வதற்காக. கனத்துக்கு இது சரி. அதிர்வுக்கு? பாலம் ஓர் ஓரம் ஏறி மறு ஓரம் இறங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுகி ஆடலாம். அந்த ஆட்டத்தில் சாயாமல் எப்படி இருக்கும்? கனத்துக்குப் போட்ட அதே ஃபைலை, நேரமில்லை என்று, ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அதிர்வுக் கணக்குக்கும் ஓட்டியிருக்கிறார்கள். சாயாதே என்று இவர்களே கட்டளை போட்டுவிட்டு, பாலம் சாயவே இல்லை பார் என்று அறிக்கை எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓட்டியவன் யார் என்று பார்த்தேன். ஆமாம்சாமி. திட்டப் பொறியாளர், அத்தான் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையாட்டி முடித்துவிடுவான். கேட்டதற்கு, சார்தான் பாதி போதும் என்றார் என்றான். எதற்குப் போதும் என்று நீ கேட்டாயா என்றேன். சிரித்தான்.

முழுப் பாலத்துக்கும் நான் புதிதாக ஒரு மாடல் கட்டினேன். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் அது ஓடி முடிந்தது. திரையில் பாலம் முறுகி ஆடியது. அதைவிட மோசமான விஷயம், அந்த ஆட்டத்தின் வேகமும் மனிதர் சாதாரணமாக எட்டுவைத்து நடக்கும் வேகமும் ஒன்றாக இருந்தன. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் அது உயர்ந்துகொண்டே போகுமல்லவா, அந்தக் கதைதான்.

அத்தானின் அறைக்குப் போனேன். மேயருக்கு முன்னால் பேசப்போகிற பேச்சை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நல்ல மனிதர்தான். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகன் மாதிரி நின்றவர். அதனாலேயே பல்லைக் கடித்துக்கொண்டு நிதானமாக எடுத்துச் சொன்னேன். பாலம் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, இதில் என்ன சந்தேகம் என்றார்.

"பாலம் ஒரே மாதிரிதான் சார் இருக்கு. நடக்கிறவங்க ஒரே மாதிரி நடக்க மாட்டாங்களே."

சோதனை செய்து பார்த்தாயிற்று என்றார். நம் ஆட்களே போய்க் குதித்துப் பார்த்தார்கள், சென்சார் வைத்து அளந்தார்கள், மாடல் சொன்னதும் பாலம் சொன்னதும் மயிரிழை பிசகாமல் பொருந்தியது. சென்சாரை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். நடுக்கோட்டில், மாடலில் அதிக அசைவு அங்கேதான் இருந்தது என்றார். எங்கே குதித்தார்கள்? அதே கோட்டில்.

சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்துகொண்டு இது ஆடவே ஆடாது என்று சத்தியம் செய்கிற மாதிரி இருக்கிறது என்றேன். என் குரல் அப்போது கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தலைகள் திரும்பின. அத்தான் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. வீட்டில் நான் அக்காவோடு சண்டை போடும்போது வருகிற அதே புன்னகை. உன் மாடலில் பாலம் உட்கார்ந்திருக்கும் தாங்கிகளைத் தளர்வாக வைத்திருப்பாய், அதனால்தான் ஆடுகிறது, இறுக்கிப் பார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இறுக்கிப் பார்த்தேன். ஆடியது. இன்னும் இறுக்கினேன், எந்தக் கொல்லனாலும் இறுக்க முடியாத அளவுக்கு. அப்போதும் ஆடியது. திரும்பவும் போனேன். வாசலிலேயே ஆமாம்சாமி நின்றுகொண்டு, சார் மீட்டிங்கில் இருக்கிறார், திறப்புவிழா முடியட்டும், பிறகு நிதானமாகப் பார்க்கலாம் என்று சொல்லச் சொன்னார் என்றான். என் நாற்காலிக்குத் திரும்பி வரும்போது முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர் கேட்டது. குடும்பச் சண்டையை ஆபீஸுக்குக் கொண்டுவருகிறாளாம்.

இதுதான் என் வயிற்றெரிச்சல். எண்களைக் கொண்டுபோய் வைத்தால் அதை யாரும் எண்ணாகப் பார்ப்பதில்லை. மச்சினிக்குக் கோபம் என்று பார்க்கிறார்கள். நான் வேறு யார் வீட்டுப் பெண்ணாகவாவது இருந்திருந்தால் அந்த விடையைக் குறைந்தபட்சம் படித்தாவது பார்த்திருப்பார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் இன்னும் வந்திருக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் விடைத்தாள்களைப் பரப்பிவைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். சொல்ல ஆரம்பித்ததும் கையை உயர்த்தினாள். ஆபீஸ் பேச்சு வீட்டில் வேண்டாம் என்பது அவள் போட்ட சட்டம், கல்யாணமான புதிதிலிருந்து இருக்கிறது. நான் நிறுத்தவில்லை. போன வருஷம் அவர் உன்னை விட்டுவிட்டு வேறொருவருக்குப் பதவி கொடுத்ததை நீ இன்னும் மறக்கவில்லை, அதுதான் இப்படிக் கிளம்புகிறது என்றாள். ஆமாம், மறக்கவில்லை. அதற்கும் இந்த இரும்புக்கும் என்ன சம்பந்தம்?

பேச்சை மாற்றுகிறேன் என்று அவள் திறப்புவிழா ஏற்பாடுகளைச் சொன்னாள். மொத்தப் பள்ளிக்கூடமும் அன்றைக்குப் பாலத்தைக் கடக்கப்போகிறது. பாலத்தின் நடுவில் நீளமாக மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள், போகிறவர்கள் இடது பக்கம், வருகிறவர்கள் வலது பக்கம். பிள்ளைகள் கோட்டைத் தாண்டாமல் இடப்பக்கமாகவே வரிசையாகப் போவதற்குப் பழக்கியாகிவிட்டது. விளையாட்டு ஆசிரியர் முன்னால் மேளம் அடித்துக்கொண்டு போவார், எல்லோரும் ஒரே காலை எடுத்துவைப்பார்கள், பார்க்க எவ்வளவு அழகாக இருக்கும் தெரியுமா என்றாள்.

அந்தப் பாலத்தை ஆட்டிவைக்க நானே உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தாலும் இதைவிடக் கச்சிதமாகப் போட்டிருக்க முடியாது. எல்லோரும் ஒரே ஓரத்தில், ஒரே தாளத்தில், அதுவும் பாலத்துக்குப் பிடித்த தாளத்தில்.

"பாலம் விழுந்துடும்னு சொல்றியா?" என்றாள் அக்கா. பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"விழாது. அந்த இரும்பு அவ்வளவு சீக்கிரம் விழாது. ஆனா காலடியில தரை சாய்ஞ்சா பிள்ளைங்க என்ன செய்யும் அக்கா? ஓடும். இறங்க முனைக்கு ஒரே ஒரு படிக்கட்டுதான் இருக்கு."

கணக்கு அவளுக்குப் புரியாது, ஆனால் படிக்கட்டில் பிள்ளைகள் ஓடினால் என்ன ஆகும் என்பது எங்கள் அலுவலகத்தில் இருக்கும் எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரம் பார்த்து அத்தான் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டு, இங்கேயும் ஆரம்பித்துவிட்டாயா என்று சலித்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"நீங்க முதல்ல நடந்து காட்டுங்க. பிள்ளைங்க நடக்கப்போற மாதிரியே, மேளத்தோட. அப்புறம் நான் கூட்டிட்டு வர்றேன்."

இதற்கெல்லாம் பயந்தவனா நான் என்றார் அத்தான். நாளைக் காலையிலேயே நடக்கிறேன், ஆபீஸ் மொத்தமும் நடக்கட்டும், உன் தங்கைக்கும் மனசு ஆறும் என்றார். மனசு ஆறும். எனக்கு மருந்து கொடுக்கிறாராம்.

மறுநாள் காலையில் பாலத்தின்மேல் எங்கள் அலுவலகக் கூட்டம் ஏறியது. கீழே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. புது பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. விளையாட்டு ஆசிரியர் கழுத்தில் மேளத்தை மாட்டிக்கொண்டு, எந்த வேகத்தில் அடிக்கட்டும் என்று கேட்டார். பிள்ளைகளுக்கு அடிக்கிற அதே வேகத்தில் அடியுங்கள், நான் எதையோ கூட்டிவிட்டேன், குறைத்துவிட்டேன் என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது என்றேன்.

மேளம் தொடங்கியது, நடந்தார்கள். பாலம் கல்மாதிரி நின்றது. பலகைகூட முனகவில்லை. அத்தான் மஞ்சள் கோட்டின்மேல் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார், ஆமாம்சாமி எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். ஒரு நொடி எனக்கே என் கணக்கின்மேல் சந்தேகம் வந்தது. பிறகுதான் அவர்கள் நடக்கும் விதத்தைப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே பாதிப்பேர் கோட்டுக்கு இடது பக்கமும் பாதிப்பேர் வலது பக்கமுமாகப் பிரிந்து, ஜோடி ஜோடியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு எதிரே ஒருவர், தராசில் நிறுத்துப் பிரித்த மாதிரி. வாழ்நாள் முழுக்கப் பாதியாக வெட்டிப் பழகியவர்களுக்குக் கால்கூடச் சமமாகத்தான் பிரிகிறது. சிரிப்பு வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

படிக்கட்டின் உச்சியில் நின்றிருந்த நான் பாலத்துக்குள் போனேன். வலது பக்கம் நின்றவர்களைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக இடது ஓரத்துக்குத் தள்ளினேன். எல்லோரும் இந்தப் பக்கம், கைப்பிடியை ஒட்டி, வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி என்று கத்தினேன். அக்காவும் வந்து வரிசையில் நின்றுகொண்டாள். நீ வேண்டாம் என்றேன். பிள்ளைகளோடு நான்தானே நடக்கப்போகிறேன் என்றாள். அத்தான் மட்டும் கோட்டைவிட்டு நகரவில்லை. ஒருவர் நின்று கவனிக்க வேண்டாமா என்றார்.

மறுபடி மேளம். வரிசை நகர்ந்தது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தவரை எதுவும் தெரியவில்லை. சாலைக்கு மேலாக வந்தபோது, யாரோ வலது ஓரத்தில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் தண்ணீர் அலைய ஆரம்பித்தது. அப்புறம் கைப்பிடிக் கம்பிகள் கடகடவென்றன. என் முழங்காலுக்கு முதலில் புரிந்தது, நான் கால் வைக்கும் இடத்துக்குத் தரை கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. அடுத்த அடிக்கு இன்னும் தாமதம். இடது ஓரம் இறங்க, வலது ஓரம் எழுந்தது. பாட்டில் விழுந்து உருண்டது. முன்னால் போனவர்கள் நடையை நிறுத்திக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் போய் மோதினார்கள். ஆமாம்சாமி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேவிட்டான். இவர்கள் வளர்ந்த மனிதர்கள், பாலம் ஆடலாம் என்று முன்பே காதில் வாங்கியவர்கள். பிள்ளைகளாக இருந்திருந்தால்?

அத்தான் மஞ்சள் கோட்டின்மேல் கால்களை அகட்டி நின்றுகொண்டிருந்தார். முகத்தில் குழப்பம் மட்டும்தான் இருந்தது. நடிப்பில்லை, அவர் நின்ற இடத்தில் உண்மையிலேயே பெரிதாக ஒன்றும் தெரியாது. முறுகும்போது அந்தக் கோடு ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

"இங்க ஒண்ணும் தெரியலையே," என்றார்.

அக்கா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். அவள் கத்தவில்லை. வகுப்பில் பின்வரிசைப் பையனைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"நான் நிற்கிற இடத்துக்கு வந்து நில்லுங்க."

வந்தார். அக்காவின் பக்கத்தில் கால் வைத்ததும் தரை அவரைக் கீழே இறக்கி மேலே தூக்கியது. கம்பியைப் பிடித்தார். மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தச் சொன்னார். மேளம் நின்ற பிறகும் பாலம் நிற்கவில்லை, தன்பாட்டுக்கு ஆடி ஆடி, மெல்ல அடங்கியது.

அங்கேயே நின்று மேயர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். விழாவைத் தள்ளிவைக்க வேண்டும், படிக்கட்டைப் பூட்ட வேண்டும், ஆட்டத்தை உறிஞ்சும் கருவிகள் பொருத்தாமல் யாரையும் ஏற்றக் கூடாது என்று தெளிவாகச் சொன்னார். அந்த மட்டில் பாராட்டுகிறேன். கடைசியில், எங்கள் குழு இறுதிக்கட்டச் சோதனையில் கண்டுபிடித்தது என்றார். எங்கள் குழு. ஆமாம்சாமி எழுந்து நின்று தலையாட்டினான்.

பிள்ளைகள் பிழைத்தார்கள், அது போதும் என்று நான் நினைத்திருக்க வேண்டும். நினைக்க முடியவில்லை. நான் எண்ணைக் கொண்டுவந்து காட்டியபோது அசையாத மனிதர், தன் காலடி அசைந்த பிறகுதான் அசைந்தார். ஒவ்வொரு பாலத்துக்கும் இப்படி வீட்டிலிருந்து ஆள் கூட்டிவந்து ஓரத்தில் நிறுத்திக்கொண்டிருக்க முடியுமா?

எல்லோரும் படிக்கட்டுப் பக்கம் போனார்கள். விளையாட்டு ஆசிரியர் மட்டும் மேளத்தைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். அத்தான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பழைய நடை திரும்பியவராக என்னிடம் வந்தார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

"நீ மட்டும் கொஞ்சம் பொறுமையா எடுத்துச் சொல்லியிருந்தா நான் நேத்தே கேட்டிருப்பேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அத்தானின் காலைப் பார்த்தேன். இரண்டு ஷூவுக்கும் நடுவில் மஞ்சள் கோடு ஓடியது. எப்போது மறுபடியும் அங்கே போய் நின்றார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"இதையே ஓரத்துக்கு வந்து சொல்லுங்க சார்," என்றேன். மேளத்தை இன்னொரு முறை அடிக்கச் சொன்னேன்.